ஏவிவிட்ட பூதத்துக்கு ஓய்வு எப்போது?

நாகலூர் மாமா பதில்கள்

போன இதழில் வாய்தவறி 'வொர்க்ஃப்ளோ' என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். மூட்டை நிறையக் கேள்வி வந்து இறங்கிவிட்டது. களத்தில் காயும் பார்ச்மென்ட் காபி மேல் ஒரு கண்ணும் உங்கள் தபால் மேல் ஒரு கண்ணுமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். சினிமா, அரசியல் கேள்விகளுக்கு இந்த வாரம் லீவு.

இல்லத்தரசி, அஸ்தம்பட்டி, சேலம்: என் மகன் 'வொர்க்ஃப்ளோ அட்மின்' வேலை பார்க்கிறான். பெண் வீட்டில் கேட்டால் என்னவென்று சொல்வது?

வேலை நடக்கிறதா என்று பார்க்கிற வேலை என்று சொல்லுங்கள். ஆபீசில் லீவு லெட்டர், பில், ஆர்டர் எல்லாம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தானாக நகர ஒரு சாஃப்ட்வேர் இருக்கும். எந்த வழியாக நகரணும், எங்கே முட்டி நிற்கிறது, எதை எப்போது நிறுத்தணும் என்று பார்ப்பவர் உங்கள் பிள்ளை. ஒரே வார்த்தையில் சொன்னால், கம்ப்யூட்டருக்குள் தலைமை டவாலி.

அந்தக் கடைசி வார்த்தையைப் பெண் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

கல்லூரி மாணவி, ஏற்காடு: நம் புராணத்தில் ஆட்டோமேஷன் உண்டா?

புராணம் வேண்டாம் கண்ணு, பாட்டி கதையே போதும். மந்திரவாதி பூதத்தை வரவழைத்தான். "வேலை கொடு, இல்லாவிட்டால் உன்னைத் தின்பேன்" என்றது. வீடு கட்டச் சொன்னான், முடிந்தது. கிணறு வெட்டச் சொன்னான், முடிந்தது. கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லி உயிர் தப்பினான்.

வரவழைக்கும் மந்திரம் படித்தவன் திருப்பி அனுப்பும் மந்திரம் படிக்கவில்லை. ஆட்டோமேஷன் வாங்குகிறவர்கள் பலரும் இன்றைக்கு அந்த மந்திரவாதி ரகம்தான்.

தோட்டக் கணக்கர், நாகலூர்: புரோகிராமுக்கு 'லைஃப்சைக்கிள்' என்கிறார்களே. அதற்கும் ஜாதகம் எழுதுவார்களா?

எழுதத்தான் வேணும். வரைவு, சோதனை, வெளியீடு, ஓட்டம், நிறுத்திவைப்பு, திருத்தம், ஓய்வு. நாற்றங்கால் முதல் வெட்டி எடுப்பது வரை செடிக்கு நீங்கள் வைக்கிற கணக்குதான். வெளியீட்டுக்கு மட்டும் கேக் வெட்டுவார்கள். ஓய்வுக்கு ஒரு டீ கூடக் கிடையாது.

வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர், ஆத்தூர்: நாங்கள் பார்க்காத வொர்க்ஃப்ளோவா?

கும்பிட்டுக்கொள்கிறேன் ஐயா. சாஃப்ட்வேர்காரர்கள் காலில் விழ வேண்டிய ஆள் நீங்கள்.

மதராஸ் மாகாண காலத்திலிருந்து வரும் தாட்டன்ஹாம் முறை தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். தபால் வந்ததும் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். இருக்கைக்கு வந்ததும் எழுத்தரின் தன்பதிவேட்டில் எண் விழும். அதுதான் கடிதத்தின் தலையில் பார்க்கிற 'ந.க.எண்', நடப்புக் கணக்கு. 'நகராத கடிதம்' என்று விரித்துப் படித்தவர்களும் உண்டு.

கோர்ட்டில் வழக்கு கிடக்கிறது, மாதக்கணக்கில் செய்ய ஒன்றுமில்லை என்றால், அந்தக் கோப்பை 'கால் புக்' என்ற தனி நோட்டுக்கு மாற்றுவார்கள். நிலுவைப் பட்டியலில் நின்று மானத்தை வாங்காது, மறந்தும் போகாது. இதையே இன்றைக்கு 'சஸ்பெண்ட்' என்று பட்டன் போட்டு விற்கிறார்கள்.

முடிந்த கோப்புக்கும் கணக்கு உண்டு. 'ஓ.மு.' என்றால் ஓராண்டு, 'மூ.மு.' மூன்றாண்டு, 'ப.மு.' பத்தாண்டு வைத்திருந்து அழிக்கணும். கோப்பு மூடும்போதே அதன் அஸ்தியை எத்தனை வருஷம் வைக்கணும் என்றும் முத்திரை விழுந்துவிடும். இத்தனையும் ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சிவப்பு மையில். மின்சாரம் மின்விசிறிக்கு மட்டும்.

அதே ஆத்தூர்க்காரர்: இப்போது இ-ஆபீஸ் வந்துவிட்டதே?

மேசையில் தூங்கியது இன்பாக்ஸில் தூங்குகிறது. எத்தனை நாளாகத் தூங்குகிறது என்பது மட்டும் இப்போது மேலே இருப்பவருக்கும் தெரியும்.

மென்பொருள் பொறியாளர், ஓசூர்: புது வெர்ஷன் வெளியிட்டால், பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கேஸ்கள் கதி என்ன?

நல்ல கேள்வி. என் கொல்லைப்புறத்துக்கு வாருங்கள்.

நேற்று பறித்த காபிப் பழத்தை நேற்று மாலையே பல்ப்பரில் விட்டுத் தோல் நீக்கியாகிவிட்டது. கொட்டை தொட்டியில் ஊறுகிறது. இன்று காலை ஒரு புது எந்திரம் வந்து இறங்குகிறது. ஊறவே வைக்க வேண்டாம், வழவழப்பை அதுவே தேய்த்து எடுத்துவிடும். இப்போது தொட்டியில் பாதி ஊறியதை என்ன செய்வது? அது பழைய வழியிலேயே ஊறி, கழுவி, களத்துக்குப் போகட்டும். இன்று பறிக்கும் பழம் புது எந்திரத்துக்கு. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்தவனுக்கு வியாபாரி விலை சொல்ல மாட்டான், வழி சொல்வான்.

நல்ல வொர்க்ஃப்ளோ எஞ்சின்களும் அப்படித்தான். பழைய வெர்ஷனில் தொடங்கியது பழைய வெர்ஷனிலேயே முடியும். புதிதாகத் தொடங்குவது புதியதில். 2017 ஜூலை 1 நள்ளிரவு ஜி.எஸ்.டி. வந்தபோது, ஜூன் 30 பில் வாட்டோடும் மறுநாள் பில் ஜி.எஸ்.டி.யோடும் போனதை நினைத்துப் பாருங்கள்.

பழையதையும் தூக்கிப் புதியதில் போட்டே ஆகணும் என்றால், எந்தப் படியில் நிற்பது எந்தப் படிக்குப் போகும் என்று ஒன்றுக்கு ஒன்று எழுதிவைத்த பிறகு கை வையுங்கள். "பார்த்துக்கலாம்" என்றால் பார்த்துக்கொண்டேதான் இருக்கணும்.

அதே பொறியாளர்: வெளியிட நல்ல நேரம் எது?

வெள்ளிக்கிழமை மாலை 5 மணி தவிர எதுவும். அந்த நேரத்தில் ராகு காலம் கிடையாதுதான். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்களுக்கு ஏழரை.

தோட்ட மேஸ்திரி, நாகலூர்: ஒரு வேலை முடிந்து அடுத்ததுக்குப் போவதை மணி பார்த்து முடிவு செய்வதா, பதம் பார்த்தா?

இதைக் கேட்க உங்களுக்குத்தான் தகுதி. தொட்டியில் கொட்டை ஊற ஒன்று, ஒன்றரை நாள் என்று புத்தகம் சொல்லும். மலையில் குளிர் இறங்கினால் கூடவே ஆகும். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு கைப்பிடி அள்ளித் தேய்ப்பீர்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. ஆற்று மணல் மாதிரி நறநறவென்றால் கழுவலாம். குவியலில் கம்பைக் குத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்கணும்.

சாஃப்ட்வேரிலும் இரண்டு ரகமும் உண்டு. 'மூன்று நாள் ஆனதும் நகர்' என்பது மணி. 'பணம் வந்ததும் நகர்' என்பது பதம். பதம் பார்த்து நகர்த்து, பதம் வராமலே போய்விட்டால் எழுப்ப மணி வை. மணியை மட்டும் நம்பியவன் புளித்த காபி குடிப்பான்.

மனிதவள அதிகாரி, கோவை: ஒப்புதலுக்கு அனுப்பிய விண்ணப்பங்கள் மாயமாகின்றன. மேனேஜரோ "நான் அப்ரூவ் பண்ணினேனே" என்கிறார்.

பவர் ஆட்டோமேட் சாஃப்ட்வேரா? அதில் ஓர் ஓட்டத்துக்கு ஆயுள் 30 நாள். அதற்கு மேல் யாருக்காகவும் காத்திருக்காது, காலாவதி. 31ஆம் நாள் பட்டனை அமுக்கும் உங்கள் மேனேஜர், கருமாதிக்கு வந்து நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர்.

மூன்றாம் நாள் நினைவூட்டல், ஏழாம் நாள் அவருக்கும் மேலே இருப்பவருக்கு ஒரு ஓலை. இரண்டையும் உள்ளே எழுதிவையுங்கள். மேலே போகிறது என்றால் கீழே விரல் தானாக நகரும்.

இன்னொன்று: அதன் ஓட்ட வரலாறும் 28 நாள்தான் நிற்கும். உங்கள் ஆடிட்டர் வருவது மார்ச் முடிந்த பிறகு. வேண்டியதை வேறு இடத்தில் எழுதிவையுங்கள்.

கணினி உதவியாளர், சேலம்: எங்கள் ஆள் ஒருவர் வேலையை விட்டுப் போனார். இரண்டே வாரத்தில் பில் ஓட்டம், சம்பள ஓட்டம் எல்லாம் படுத்துவிட்டன. சூனியம் வைத்துவிட்டாரா?

சூனியம் இல்லை, சொந்த அக்கவுன்ட்.

எல்லாவற்றையும் தன் பெயரிலேயே கட்டியிருப்பார். தன் மெயில், தன் பாஸ்வேர்ட். நீங்கள் அவர் ஐடியை மூடினீர்கள், பூதத்தின் சாப்பாடு நின்றது. இப்படித் தவிக்கும் ஓட்டங்களுக்குத் தொழில் பாஷையிலேயே பெயர் 'அநாதை ஃப்ளோ'. நான் இட்டுக்கட்டவில்லை.

நானும் ஒரு காலத்தில் கணக்கு எழுதிய கம்பெனியில் இதைப் பார்த்தேன். பிரிவுபசார விழா, சால்வை, மாலை, குரூப் போட்டோ, மிக்சர் பொட்டலம். அவர் பெயரில் ஓடுகிறவை எவை என்ற பட்டியலை மட்டும் யாரும் கேட்டு வாங்கவில்லை. அடுத்த மாதம் டீலர் ஒருவருக்கும் கணக்கு அறிக்கை போகவில்லை. தோளில் சால்வையோடு ஊரில் இருந்தவருக்குப் போன் போட்டோம். அவருக்கும் மறந்துபோயிருந்தது.

பொதுக் கணக்கு ஒன்று, பொறுப்பாளர் இருவர். இது இல்லாத ஓட்டத்தை வெளியிடவே விடாதீர்கள்.

அரசு ஊழியர், நாமக்கல்: அதிகாரி நீண்ட விடுப்பு. ஒப்புதல் யாரிடம் போகணும்?

கையெழுத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொறுப்பு என்பதற்கு 'பொ' என்று போடுவீர்களே, அதற்கு சாஃப்ட்வேரிலும் இடம் உண்டு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்றும் சேர்த்துக் கொடுங்கள். அதிகாரி திரும்பி வந்த பிறகும் 'பொ' தொடர்ந்தால் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

தனியார் நிறுவன ஊழியர், பெருந்துறை: என் விண்ணப்பத்துக்கு நானே ஒப்புதல் தரும்படி சிஸ்டம் அமைந்துவிட்டது. பயன்படுத்தலாமா?

வங்கியில் 'மேக்கர்–செக்கர்' என்பார்கள். போடுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர். உங்கள் வீட்டிலும் மாமியார் இருப்பார், விசாரியுங்கள்.

சுற்றுலா வழிகாட்டி, ஏற்காடு: 'எர்ரர் ஹேண்ட்லிங்' என்றால் என்ன?

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறோம். மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழி. சரிந்த பிறகு யோசிப்பது விபத்து. இரண்டாவது வழி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எர்ரர் ஹேண்ட்லிங். சுற்று அதிகம், வாந்தி வரும், ஆனாலும் வீடு வந்து சேரலாம்.

பட்டதாரி இளைஞர், வாழப்பாடி: இரவெல்லாம் ஒரு ஃப்ளோ தானே தன்னை ஓட்டிக்கொண்டே இருந்தது. ஏன்?

பட்டியலில் மாற்றம் வந்தால் ஓடு என்று சொன்னீர்கள். ஓடி என்ன செய்தது? அதே பட்டியலை மாற்றியது. மாற்றம் வந்ததா? வந்தது. ஓடு.

பந்தியில் இரண்டு சகலைகள் "நீங்க உக்காருங்க", "இல்ல, நீங்க முதல்ல" என்று நின்றுகொண்டே இருந்தால் சாம்பார்தான் ஆறும். தானாக வந்த மெயிலுக்குத் தானாகப் பதில் போடாதே என்று இணைய விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். சகலைகளுக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

மளிகை மொத்த வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை: நெட் தடங்கலில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. எப்படித் தடுப்பது?

மொய் நோட்டைப் பாருங்கள். பெயர், ஊர், தொகை. அதே ஆள் மறுபடி கவரை நீட்டினால் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, "முன்னாடியே வச்சிட்டீங்களே மாமா" என்பார். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரே ஓர் அடையாள எண். அது நோட்டில் ஏறியிருந்தால் மறுபடி பணம் போகாது. சிஸ்டம் திரும்பத் திரும்ப முயலட்டும், கவலையில்லை. நோட்டில் உட்கார்ந்திருப்பவர் முழித்திருந்தால் போதும்.

கோலப் போட்டியில் பரிசு வாங்கியவர், தாரமங்கலம்: பிபிஎம்என் படம் போடக் கற்றுக்கொள்வது கஷ்டமா?

உங்களுக்கு ஒரு மணி நேரம். வேலை நகரும் வழியை வட்டம், செவ்வகம், சாய்சதுரம், அம்பு என்று வரைவதுதான். இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது, 2013இல் ஐ.எஸ்.ஓ. தரமும் ஆகிவிட்டது. தொடக்க வட்டத்துக்கு மெல்லிய கோடு, முடிவு வட்டத்துக்குத் தடித்த கோடு. அந்த ஒரு விஷயத்தில் அதை வகுத்த குழுவுக்கு ஞானம் இருந்திருக்கிறது.

கோலத்தில் இழை சேராவிட்டால் பக்கத்து வீட்டம்மா சொல்லிவிடுவார். இங்கே கஸ்டமர் சொல்வார், கொஞ்சம் சத்தமாக.

கணிதப் பேராசிரியர், திருச்செங்கோடு: ஒரு செயல்முறை ஒழுங்கானது என்பதற்கு இலக்கணம் உண்டா?

உண்டு. 1962இல் கார்ல் ஆடம் பெட்ரி என்ற ஜெர்மானியர் போட்ட வலை, அதன் மேல் டச்சுக்காரர் வில் வான் டெர் ஆல்ஸ்ட் கட்டிய இலக்கணம். தொடங்கினால் முடிய வழி இருக்கணும். முடிந்த பிறகு எங்கேயும் மிச்சம் தொங்கக் கூடாது. எப்போதுமே நடக்காத படி ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது.

இந்த மூன்றையும் வைத்து நம் கல்யாணச் சடங்குகளைச் சோதிக்க வேண்டாம் பேராசிரியரே. சம்பந்திகள் மனசில் மிச்சம் தொங்கும்.

தமிழ் ஆர்வலர், மேட்டூர்: இந்தச் சாஃப்ட்வேர்களும் வெளிநாட்டிலிருந்துதான் வரணுமா?

யார் சொன்னது? சுரேஷ் சம்பந்தம் ஆரம்பித்த கிஸ்ஃப்ளோ சென்னைச் சரக்கு. முன்பு கம்பெனியின் பெயர் ஆரஞ்சுஸ்கேப். ஜோஹோவின் கிரியேட்டர் 2006 முதல் இருக்கிறது.

கிஸ்ஃப்ளோ என்ற பெயரை மட்டும் என்னைத் தமிழ்ப்படுத்தச் சொல்லாதீர்கள். இது குடும்பப் பத்திரிகை.

வழக்கறிஞர், சேலம்: முழுக்க எந்திரத்திடமே விட்டுவிட்டால் என்ன? மனிதன் நடுவில் எதற்கு?

ஆஸ்திரேலியாவில் விட்டுப் பார்த்தார்கள். உதவித்தொகை வாங்கிய ஏழைகளின் ஆண்டு வருமானத்தைச் சராசரி போட்டு, "நீ அதிகம் வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு" என்று தானாக நோட்டீஸ் போனது. பெயர் 'ரோபோடெட்'. சட்டப்படி செல்லாது என்று ஆனது. விசாரித்த ராயல் கமிஷன் 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அந்த ஓட்டம் திட்டமிட்டபடி, பிழையே காட்டாமல்தான் ஓடியது என்பதைக் கவனியுங்கள் வக்கீல் சார். கேள்வி கேட்க நடுவில் ஆள் இல்லை.

ஐ.டி. மேலாளர், சிறுசேரி: பழைய ஓட்டங்களை அணைத்து வைத்திருக்கிறேன். அழிக்க மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே?

'இருந்துவிட்டுப் போகட்டும்' என்ற வார்த்தையின் விலை தெரியுமா? நைட் கேப்பிட்டல் என்று அமெரிக்காவில் ஒரு பங்கு வர்த்தகக் கம்பெனி. பல வருஷமாகப் பயன்படாத பழைய நிரல் ஒன்று உள்ளேயே கிடந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று புது நிரலோடு சந்தை திறந்தது. எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புதியது ஏறியிருந்தது. எட்டாவதில் பழைய பூதம் கண் விழித்துவிட்டது. 45 நிமிடம், 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த வருஷமே கம்பெனி வேறொருவர் கைக்குப் போனது.

எங்கள் மலையில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று ஒரு வண்டு உண்டு. அராபிகா செடியின் தண்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். செடி பட்டுப்போகும், ஆனால் நின்றுகொண்டே இருக்கும். நிற்கிறதே என்று விட்டால், பூச்சி வெளியே வந்து பக்கத்துச் செடிக்குப் போகும். அதனால் வேரோடு பிடுங்கிக் கொளுத்துவோம். வளர்த்தவனுக்கு வயிறு எரியும். எரியட்டும்.

நீங்களும் பட்டியல் எடுங்கள். ஓடுவது எத்தனை, கடைசியாக ஓடியது எப்போது, யாருக்காக ஓடியது? மூன்றாவதற்குப் பதில் சொல்ல ஆளில்லாததைப் பிடுங்குங்கள்.

காபி விவசாயி, நாகலூர்: எங்கள் தாத்தா 'பூல்' 'பூல்' என்று புலம்புவார். அதுவும் வொர்க்ஃப்ளோதானா?

தாத்தா புலம்பியதில் நியாயம் இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். விற்பதில் முதல் நூறு வருஷம் அவரவர் சாமர்த்தியம். 1942இல் காபிச் சட்டம். விளைந்ததைக் காபி வாரியத்தின் பூலில் ஒப்படைக்கணும். வாரியம் விற்கும். பணம் தவணை தவணையாக வரும். பழம் இந்த வருஷம், கடைசித் தவணை எப்போதோ. அதற்குள் தாத்தா இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் முடித்துக் கடனும் வாங்கியிருப்பார்.

போர்க்காலத்தில் காபி வாங்க ஆளில்லாதபோது காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. போர் முடிந்தும் ஐம்பது வருஷம் ஓடியது. நிறுத்தியதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். ஒரே ராத்திரியில் பிளக்கைப் பிடுங்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஒரு பங்கை நீயே விற்றுக்கொள் என்றார்கள், பிறகு இன்னும் கொஞ்சம், 1996இல் முழுவதும். பழகிக்கொள்ள விவசாயிக்கும் நேரம் கிடைத்தது, வியாபாரிக்கும் கிடைத்தது.

இப்போது விலை விழுந்தால் பேரன் நீங்கள் மார்க்கெட்டைத் திட்டுகிறீர்கள். தாத்தாவுக்குத் திட்ட வாரியமாவது இருந்தது.

நீண்ட நாள் வாசகர், ஓமலூர்: மாமா, உங்கள் பதில்களை வெட்டி ஒட்டிப் பத்திரப்படுத்துகிறேன். எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?

நான் போடும் முத்திரை ஓ.மு. ஓராண்டு வைத்திருங்கள், பிறகு பஜ்ஜி எண்ணெய் ஒற்றிக்கொள்ளுங்கள்.